மருந்து கூடினால் வெண்மை குறைவதேன்?

சென்ற மழைக்காலத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை என் பழைய மாணவர் ஒருவர் வீட்டுக்கு வந்தார். இயற்பியலில் பட்டம் பெற்றுவிட்டுத் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் தரம் பார்க்கும் வேலையில் இருப்பவர். கையில் ஒரு பிளாஸ்டிக் பை. அதற்குள் உள்ளங்கையளவில் இரண்டு வெள்ளைத் துணித் துண்டுகள்.

"இந்த ரெண்டுல எதுங்க சார் வெள்ளை?" என்று மேசைமேல் வைத்தார்.

என் அறையில் எரிவது எல்.இ.டி. விளக்கு. அதன் ஒளியில் இரண்டும் எனக்கு ஒன்றுபோலவே தெரிந்தன. "வாசலுக்கு வாங்க சார்" என்றார். வெயிலில் பார்த்தபோது ஒன்று பளிச்சென்று நீலம் கலந்த வெண்மை. மற்றது சற்று மங்கல், கூர்ந்து பார்த்தால் இலேசான பச்சைச் சாயல். பிறகு சட்டைப் பையிலிருந்து, கடைகளில் ரூபாய் நோட்டைச் சோதிக்கப் பயன்படும் சிறிய புறஊதா விளக்கு ஒன்றை எடுத்தார். இருட்டறையில் அதைக் காட்டியதும் முதல் துண்டு நீல நெருப்புப்போல் ஒளிர்ந்தது. இரண்டாவது துண்டு அரை மனதோடு ஒளிர்ந்தது.

நடந்தது இதுதான். பனியனின் உடல்துணி ஒரு லாட்; கழுத்துக்கு வைக்கும் ரிப் துணி வேறொரு லாட். எல்.இ.டி. விளக்கின் கீழ் இரண்டும் ஒத்துப்போனதால் வெட்டித் தைத்துவிட்டார்கள். கடைசிச் சோதனையில் லைட் பாக்ஸில் வைத்துப் புறஊதா விளக்கைப் போட்டதும், ஒவ்வொரு பனியனின் கழுத்தும் தனியாகத் தெரிந்திருக்கிறது. சரக்கு நின்றுபோயிற்று. துணியைப் பார்த்து அனுப்பியவர் என் மாணவர். அவருடைய கவலை உங்களுக்குப் புரியும். ஆனால் அவர் என்னிடம் வந்தது கவலையைச் சொல்ல அன்று. ஒரு கேள்வி அவரை உறுத்திக்கொண்டிருந்தது.

"ரெண்டாவது லாட் முதல்லயே கொஞ்சம் மங்கலா இருந்துச்சுன்னு சாயப்பட்டறையில வெண்மை மருந்தைக் கூடப் போட்டிருக்காங்க. அதுக்கப்புறம் இன்னும் மங்கலாப் போச்சுங்க சார். மருந்து கூடினா வெளிச்சம் கூடத்தானே வேணும்?"

நல்ல கேள்வி. அன்று நான் சொன்ன விடை அரைகுறையானது. அதை இங்கே முழுதாகச் சொல்லப் பார்க்கிறேன். இந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டு போனால், 2023 ஆம் ஆண்டு வேதியியலுக்கான நோபல் பரிசு பெற்ற 'குவாண்டம் புள்ளிகள்' வரை போய்ச் சேரலாம்.

முதலில் மருந்து என்ன செய்கிறது என்று பார்ப்போம். பருத்தி இயல்பிலேயே சற்று மஞ்சளானது. பிளீச்சிங் செய்தாலும் அந்தச் சாயல் கொஞ்சம் மிஞ்சும். துணி மஞ்சளாகத் தெரிகிறது என்றால், அதிலிருந்து நம் கண்ணுக்கு வரும் ஒளியில் நீலம் குறைவு என்று பொருள். நம் பாட்டிமார் இதற்குச் சொட்டு நீலம் போட்டார்கள். அந்த நீலம் மஞ்சள் ஒளியில் கொஞ்சத்தை விழுங்கிவிடும். நீலமும் மஞ்சளும் சரிசமமாகிவிடும். துணி வெள்ளையாகத் தெரியும். ஆனால் மொத்த ஒளி குறைந்துவிடுகிறது. கடனை அடைக்க வீட்டுப் பாத்திரத்தை விற்பதுபோல.

வெண்மையூட்டி வேறு வழியில் போகிறது. (பெரியவர்களைக் கேட்டால் 'டினோபால்' என்று அதன் பழைய வணிகப் பெயரைச் சொல்வார்கள்.) அது கண்ணுக்குப் புலப்படாத புறஊதாக் கதிர்களை விழுங்கி, கண்ணுக்குத் தெரியும் நீல ஒளியாக வெளிவிடுகிறது. குறைந்த நீலத்தைப் புதிதாகக் கொண்டுவந்து சேர்க்கிறது. 1929 ஆம் ஆண்டில் ஜெர்மானியரான பால் கிரைஸ், குதிரைச் செஸ்ட்நட் மரப்பட்டையிலிருந்து கிடைக்கும் எஸ்குலின் என்ற பொருளில் துணியைத் தோய்த்தால் வெண்மை கூடுவதைக் காட்டினார். இன்று பருத்திக்குப் பெரும்பாலும் பயன்படுபவை ஸ்டில்பீன் இனத்தைச் சேர்ந்த செயற்கைப் பொருள்கள். உங்கள் வீட்டுச் சலவைத் தூளிலும் அவை உண்டு.

எல்.இ.டி. விளக்கில் ஏன் வேறுபாடு தெரியவில்லை என்பதும் இப்போது விளங்கும். வெள்ளை எல்.இ.டி. விளக்கு நீல ஒளியைத் தரும் ஒரு சில்லின்மேல் மஞ்சள் ஒளிர்பொருளைப் பூசிச் செய்வது. அதில் புறஊதா அநேகமாக இல்லை. உணவு கொடுக்காமல் வேலை வாங்க முடியுமா?

ஒரு சின்னக் கணக்கு. ஒளியின் அலைநீளத்தை நானோமீட்டரில் எடுத்துக்கொண்டு 1240 ஐ அதனால் வகுத்தால், அந்த ஒளியின் ஒரு ஃபோட்டான் எத்தனை எலக்ட்ரான் வோல்ட் ஆற்றல் உடையது என்பது கிடைக்கும். (ஒரு நானோமீட்டர் என்பது ஒரு மில்லிமீட்டரில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு.) வெண்மையூட்டி விழுங்குவது சுமார் 350 நானோமீட்டர், அதாவது 3.54 எலக்ட்ரான் வோல்ட். வெளிவிடுவது சுமார் 440 நானோமீட்டர்; 2.82 எலக்ட்ரான் வோல்ட். மீதி 0.72 எங்கே? மூலக்கூறின் அதிர்வுகளாக, அதாவது வெப்பமாகத் துணிக்குள் போய்விட்டது. விழுங்கியதைவிட வெளிவிடுவது நீண்ட அலைநீளமாக இருக்கும் என்ற இந்த உண்மையை 1852 இல் சொன்னவர் ஜார்ஜ் ஸ்டோக்ஸ்.

ஆற்றலை விழுங்கிய மூலக்கூறு கிளர்ச்சியுற்ற நிலையில் இருக்கிறது. அந்த நிலையில் அது தங்கும் நேரம் நூறு கோடியில் ஒரு பங்கு வினாடி என்ற அளவில்தான். அதற்குள் அது ஆற்றலை இறக்கி வைத்தாக வேண்டும். ஒளியாக வெளிவிடலாம். அதிர்ந்து வெப்பமாக்கிவிடலாம். இந்த இரண்டும் பாடப் புத்தகத்தில் இருக்கின்றன. மூன்றாவது வழி ஒன்று உண்டு: பக்கத்தில் தகுந்த ஆள் இருந்தால், ஒளியாக வெளிவிடாமலேயே ஆற்றலை அந்த ஆளிடம் கைமாற்றிவிடலாம்.

இந்த மூன்றாவது வழிதான் நம் கதை.

'ஒளியாக வெளிவிடாமலேயே' என்பதைக் கவனியுங்கள். முதல் மூலக்கூறு ஒரு ஃபோட்டானை வீசி, இரண்டாவது அதைப் பிடிப்பது அல்ல இது. இரண்டு தம்புராக்களை ஒரே சுருதியில் கூட்டி அருகருகே வையுங்கள். ஒன்றின் தந்தியை மீட்டினால் மற்றதன் தந்தியும் தானே அதிரும். சுருதி பிசகினால் அதிராது. மூலக்கூறுக்குள் அதிரும் மின்னூட்டமும் அப்படியே. அதைச் சுற்றியுள்ள மின்புலம் அண்டையிலுள்ள மூலக்கூறின் எலக்ட்ரான்களை அசைக்கிறது. தருபவர் வெளிவிடக்கூடிய ஒளியின் அலைநீளமும் பெறுபவர் விழுங்கக்கூடிய ஒளியின் அலைநீளமும் ஒன்றின்மேல் ஒன்று படிந்திருந்தால் ஆற்றல் கைமாறும். இதை ஒத்ததிர்வு ஆற்றல் மாற்றம் என்பர்.

இதற்குக் கணக்கு எழுதிக் கொடுத்தவர் தியோடர் ஃபர்ஸ்டர் என்ற ஜெர்மன் அறிஞர்; ஆண்டு 1946 முதல் 1948 வரை. அவருக்கு இந்த எண்ணம் துணியைப் பார்த்து வரவில்லை, இலையைப் பார்த்து வந்தது. ஓர் இலையில் கோடிக்கணக்கான பச்சைய மூலக்கூறுகள் ஒளியைப் பிடிக்கின்றன; ஆனால் அந்த ஆற்றலைக் கொண்டு வேதிவினையைத் தொடங்கும் இடங்கள் மிகச் சிலவே. பிடித்த ஆற்றல் அந்தச் சில இடங்களுக்கு எப்படி வீணாகாமல் போய்ச் சேருகிறது? மூலக்கூறு விட்டு மூலக்கூறு கைமாறித்தான்.

ஃபர்ஸ்டர் கண்ட விதியில் வியப்பானது, அது தொலைவைச் சார்ந்திருக்கும் விதம். கைமாறும் வேகம் தொலைவின் ஆறாம் அடுக்குக்கு எதிர்விகிதத்தில் இருக்கிறது. தொலைவை இரு மடங்காக்கினால் வேகம் பாதியாகாது, கால் பங்காகாது; 64 இல் ஒரு பங்காகிவிடும். ஒவ்வொரு இணைக்கும் ஓர் எல்லைத் தொலைவு உண்டு. அந்தத் தொலைவில் இருக்கும்போது ஆற்றலில் பாதி கைமாறும், பாதி மற்ற வழிகளில் போகும். அந்த எல்லை 5 நானோமீட்டர் என்று கொள்வோம். 10 நானோமீட்டர் தள்ளி இருந்தால் 65 இல் ஒரு பங்குதான் கைமாறும், நூற்றுக்கு ஒன்றரை. 2.5 நானோமீட்டருக்கு வந்துவிட்டால் 65 இல் 64 பங்கு, நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டு கைமாறிவிடும். நான்கு மடங்குத் தொலைவுக்குள் ஏறக்குறைய எல்லாமும் ஏறக்குறைய ஒன்றுமில்லாமையும்! இந்தக் கூர்மையால், இதையே ஓர் அளவுகோலாக்கிப் புரத மூலக்கூறுகளுக்குள் தொலைவை அளக்கலாம் என்று 1967 இல் லூபர்ட் ஸ்ட்ரையரும் ரிச்சர்ட் ஹாக்லாண்டும் காட்டினார்கள்.

சரி, பனியனுக்கு வருவோம். துணிக்குள் வெண்மையூட்டி மூலக்கூறுகள் ஒன்றுக்கொன்று எவ்வளவு தொலைவில் இருக்கும்? பென்சிலை எடுங்கள். 1000 கிராம் பருத்திக்கு 3 கிராம் மருந்து ஏறியிருப்பதாக வைத்துக்கொள்வோம். ஒரு கன சென்டிமீட்டர் பருத்தி இழை 1.5 கிராம் எடையுள்ளது. அதில் உள்ள மருந்து 0.0045 கிராம். மருந்தின் மூலக்கூறு எடை சுமார் 900. ஆகவே அதில் ஒரு மோலில் இரண்டு லட்சத்தில் ஒரு பங்கு இருக்கிறது. அவகாட்ரோ எண்ணைக் கொண்டு பெருக்கினால் 3 க்குப் பின் 18 சுழியங்கள் கொண்ட எண் வரும், அத்தனை மூலக்கூறுகள். ஒரு கன சென்டிமீட்டரில் கன நானோமீட்டர்கள் 1 க்குப் பின் 21 சுழியங்கள். வகுத்துப் பாருங்கள்: ஒவ்வொரு மூலக்கூறுக்கும் கிடைக்கும் இடம் 333 கன நானோமீட்டர். 7 இன் கனம் 343. ஆக, அண்டை வீட்டுக்காரர் சுமார் 7 நானோமீட்டர் தள்ளி இருக்கிறார்.

மருந்தைப் பத்து மடங்காக்கினால்? ஒவ்வொன்றுக்கும் 33 கன நானோமீட்டர். அண்டைத் தொலைவு 3.2 நானோமீட்டருக்கு இறங்கிவிட்டது. ஆறாம் அடுக்கு விதிப்படி, பத்து மடங்கு மருந்துக்கு நூறு மடங்கு கைமாற்றம்!

நான் இங்கே மருந்து இழை முழுவதும் சீராகப் பரவியிருப்பதாகக் கொண்டேன். உண்மையில் அப்படி இராது. இழைக்குள் மருந்து புகக்கூடிய இடங்கள் சிலவே, ஆகவே நெருக்கம் இன்னும் கூடுதல். அளவு மீறும்போது தட்டையான இந்த மூலக்கூறுகள் சீட்டுக்கட்டுப்போல் ஒன்றன்மேல் ஒன்று ஒட்டிக்கொள்கின்றன. அப்படி ஒட்டிய கூட்டத்துக்குத் தனி மூலக்கூறின் குணம் இராது. அது தானும் நன்றாக ஒளிராது. அரைகுறையாக ஒளிர்ந்தாலும் நீலத்தைவிட நீண்ட அலைநீளத்தில், பச்சைப் பக்கமாக ஒளிரும். சுற்றிலும் உள்ள நல்ல மூலக்கூறுகள் பிடித்த ஆற்றலும் கைமாறிக் கைமாறி அந்தக் கூட்டத்தில் வந்து விழுந்து வெப்பமாகிவிடும். நடுவே ஓர் ஓட்டை வாளி இருந்தால், வாளி வாளியாகக் கை மாற்றி வரும் தண்ணீர் அதில் போய்விடாதா? இதுதான் என் மாணவருடைய இரண்டாம் துண்டின் மங்கலும் பச்சைச் சாயலும். மருந்து கெட்டுப்போகவில்லை. மருந்துக்கு மருந்தே எதிரியாகிவிட்டது.

பட்டறையில் பழகிய மாஸ்டர்களுக்கு ஃபர்ஸ்டரைத் தெரியாது. ஆனால் இந்த அளவைத் தாண்டக் கூடாது என்பது தெரியும். அனுபவத்தால் கண்ட அந்த எல்லையும் கணக்கால் கண்ட எல்லையும் ஒன்றுக்கொன்று இவ்வளவு அருகில் வருவது எனக்கு இன்றும் மகிழ்ச்சி தரும் விஷயம்.

இனிக் குவாண்டம் புள்ளிகளுக்குப் போவோம். ஒளிர்வதற்கு மூலக்கூறுதான் வேண்டுமென்பதில்லை. காட்மியம் செலினைடு போன்ற ஒரு குறைகடத்தியைச் சில நானோமீட்டர் அளவுக்குப் பொடியாக்கினாலும் ஒளிரும். உரலில் இடித்து அல்ல, கரைசலில் படிகமாக வளர்த்துத்தான் இப்படிச் செய்ய முடியும். வியப்பு என்னவென்றால், ஒரே பொருள், அளவு மட்டும் வேறு, நிறமும் வேறு. சுமார் 2 நானோமீட்டர்ப் புள்ளி நீலம் அல்லது பச்சைப் பக்கம் ஒளிரும். 6 நானோமீட்டர்ப் புள்ளி சிவப்பாக ஒளிரும். எலக்ட்ரானை மிகச் சிறிய அறையில் அடைத்தால் அதன் ஆற்றல் நிலைகள் விலகிப்போகின்றன. தந்தியின் நீளத்தைக் குறைத்தால் சுருதி ஏறுகிறதல்லவா, அதுபோல.

1981 இல் சோவியத் நாட்டின் அலெக்சி எக்கிமோவ், செம்புக் குளோரைடு கலந்த கண்ணாடியில் இதைக் கண்டார். 1983 இல் அமெரிக்காவில் பெல் ஆய்வுக்கூடத்தில் லூயி பிரஸ் கரைசலில் கண்டார். மேசைமேல் விட்டுவைத்த காட்மியம் சல்பைடுத் துகள்கள் நாளடைவில் வளர, அவற்றின் ஒளிப் பண்பு மாறியிருப்பதை அவர் கவனித்தார். அளவு பிசகாமல் இவற்றைத் தயாரிக்கும் முறையை 1993 இல் மவுங்கி பவெண்டியின் குழு கொடுத்தது. மூவருக்கும் சேர்த்து 2023 இல் நோபல் பரிசு.

செய்தித்தாள்கள் நிறத்தோடு நிறுத்திக்கொண்டன. ஆனால் இந்தப் புள்ளிகளோடு பழகுபவர்களைக் கேளுங்கள். 'நிறம் எளிது; ஒளிர வைப்பதுதான் கடினம்' என்பார்கள். ஏனென்றால் புள்ளியின் ஆற்றலைப் பறித்துக்கொள்ளச் சுற்றிலும் ஆட்கள் காத்திருக்கிறார்கள். எவ்வளவு பேர் என்று மதிப்பிடுவோம். 3 நானோமீட்டர் விட்டமுள்ள ஓர் உருண்டை. அதன் வெளி அணு அடுக்கு சுமார் 0.3 நானோமீட்டர் தடிமன். அதை உரித்தால் உள்ளே 2.4 நானோமீட்டர் விட்டம் மிஞ்சும். 2.4 ஐ 3 ஆல் வகுத்துக் கனப்படுத்தினால் 0.51. ஆகவே புள்ளியில் உள்ள அணுக்களில் ஏறக்குறையப் பாதி மேற்பரப்பில்தான் இருக்கின்றன! வெளிப்புறம் துணையில்லாத இந்த அணுக்கள் எலக்ட்ரானைப் பிடித்து வைக்கும் பொறிகளாகின்றன. அங்கே சிக்கிய எலக்ட்ரானின் ஆற்றல் பெரும்பாலும் வெப்பமாகும். 6 நானோமீட்டர்ப் புள்ளிக்கு இதே கணக்கைப் போட்டுப் பாருங்கள். நான்கில் ஒரு பங்குதான் வரும்.

இதற்கு மருந்து, புள்ளிக்கு ஒரு தோல் போர்த்துவது. காட்மியம் செலினைடுக்குமேல் துத்தநாக சல்பைடு. தோலின் ஆற்றல் இடைவெளி பெரியதாதலால் எலக்ட்ரானால் அதைத் தாண்டி மேற்பரப்புக்கு எளிதில் வரமுடியாது. 1996 இல் மார்கரெட் ஹைன்ஸும் பிலிப் கியோ-சியோனஸ்டும் இப்படிப் போர்த்திய புள்ளிகள், விழுங்கிய ஃபோட்டான்களில் சுமார் பாதியை ஒளியாகத் திருப்பித் தந்தன. அறை வெப்பநிலையில் அது அன்று பெரிய காரியம்.

புள்ளிக்கும் சூழலுக்கும் இடையில் நடக்கும் கொடுக்கல் வாங்கலில் இருவகை உண்டு. இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள், என் கல்லூரி மாணவர்களே குழம்புகிறார்கள். ஒன்று, எலக்ட்ரானே இடம் மாறுவது. இதற்குத் தொட்டுக்கொள்ளும் நெருக்கம் வேண்டும். மற்றது, எலக்ட்ரான் அவரவர் வீட்டிலேயே இருக்க, ஆற்றல் மட்டும் இடம் மாறுவது. இது ஃபர்ஸ்டரின் வழி. சில நானோமீட்டர் இடைவெளியைத் தாண்டும்.

இரண்டாவது வகைக்கு அழகான சான்று 1996 இல் வந்தது. செரீ கேகன், கிறிஸ்டோபர் மரே, பவெண்டி ஆகியோர் சிறிய புள்ளிகளையும் பெரிய புள்ளிகளையும் கலந்து ஒரு படலமாகப் பரப்பினார்கள். சிறியவற்றின் ஒளி குறைந்தது; பெரியவற்றின் ஒளி அதே சமயம் கூடியது. சுருதி உயர்ந்த சிறியவர்கள் தம் ஆற்றலைச் சுருதி தாழ்ந்த பெரியவர்களிடம் கொடுத்துவிட்டார்கள். எதிர்த்திசையில் கொடுக்க முடியாது. சிவப்பு ஃபோட்டானின் ஆற்றலைக் கொண்டு பச்சையை எழுப்ப இயலாது.

வெளியே உள்ளவருக்குத்தான் ஆற்றல் போக வேண்டுமென்பதும் இல்லை. துத்தநாக சல்பைடுத் துகளுக்குள் சில மாங்கனீசு அயனிகளை விருந்தாளிகளாக வைத்தால், துகள் பிடித்த ஆற்றல் அவற்றிடம் போய், ஆரஞ்சு நிற ஒளியாக வரும். இத்தகைய நானோத் துகள்களை 1994 இல் ஆர். என். பார்கவாவும் அவருடன் பணிபுரிந்தோரும் அறிவித்தார்கள். இங்கே துகளின் அளவைவிட விருந்தாளியின் குணமே நிறத்தை முடிவு செய்கிறது.

இனி ஒரு புதிர். சில வண்ணத் தொலைக்காட்சிகளில் நீல எல்.இ.டி. ஒளியின் முன்னால் ஒரு பிளாஸ்டிக் தாள் இருக்கும். அதில் பச்சைப் புள்ளிகளும் சிவப்புப் புள்ளிகளும் பதிந்திருக்கும். நீலத்தில் ஒரு பகுதியைப் பச்சையாகவும் சிவப்பாகவும் அவை மாற்றுகின்றன. ஒளி கூடட்டும் என்று புள்ளிகளை நெருக்கி அடைத்தால் என்ன ஆகும்? பச்சைப் புள்ளிகள் தம் ஆற்றலைச் சிவப்புக்குக் கொடுத்துவிடும், படம் செம்மையேறும். ஒவ்வொன்றிலும் உள்ள குறையுள்ள புள்ளிகள் ஓட்டை வாளிகளாகிவிடும். ஆகவே புள்ளிகளுக்கு இடையே போதிய பிளாஸ்டிக் இருக்குமாறு விலக்கி வைக்கிறார்கள். சாயப்பட்டறை மாஸ்டரின் அளவு விதிதான் அங்கேயும்!

திருப்பூர்க்காரன் இந்தப் பேச்சில் நொய்யலை விட்டுவிட முடியாது. துகள் தன் ஆற்றலைச் சுற்றியுள்ள நீருக்குக் கொடுத்தால் என்ன ஆகும் என்ற கேள்விக்கும் சாயக் கழிவுக்கும் தொடர்பு உண்டு. டைட்டானியம் டை ஆக்சைடுத் துகள் புறஊதாவை விழுங்கினால், அதன் எலக்ட்ரான் நீரில் கரைந்த ஆக்சிஜனுக்குப் போகிறது. எலக்ட்ரான் விட்டுச்சென்ற காலியிடம் நீரைப் பிளந்து ஹைட்ராக்சில் என்ற மூர்க்கமான துண்டை உண்டாக்குகிறது. (நான் மேலே சொன்ன முதல் வகை, எலக்ட்ரானே இடம் மாறுவது.) அந்தத் துண்டு சாய மூலக்கூறைக் கிழித்துப்போடும். சோதனைக் குழாயில் நிறம் மறைவதை நானே மாணவர்களுக்குச் செய்து காட்டியிருக்கிறேன். பார்க்க மிக அழகு.

ஆனால் 'நானோத் துகளால் நொய்யல் சுத்தமாகிவிடும்' என்று யாராவது சொன்னால் உடனே நம்பிவிடாதீர்கள். டைட்டானியம் டை ஆக்சைடின் இடைவெளி 3.2 எலக்ட்ரான் வோல்ட். 1240 ஐ அதால் வகுத்தால் 387 நானோமீட்டர். வெயிலில் அதற்குக் குறைந்த அலைநீளம் நூற்றுக்கு ஐந்து பங்குகூடத் தேறாது. கருஞ்சிவப்பாக வரும் சாயநீரில் அந்த ஒளியும் மேல்மட்டத்திலேயே தீர்ந்துவிடும். சாயம் ஏற்றப் போட்ட உப்பு நீரில் ஏராளம்; அந்தக் குளோரைடு, ஹைட்ராக்சில் துண்டுகளைத் தானே வாங்கிக்கொள்ளும். சாயம் கிழிந்தாலும் உப்பு அப்படியே இருக்கும். நொய்யலில் 1992 இல் கட்டிய ஒரத்துப்பாளையம் அணைக்குக் கீழே உழவர்களின் நிலத்தைக் கெடுத்ததில் உப்புக்குப் பெரும் பங்கு. 2011 ஜனவரியில் சென்னை உயர்நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூட ஆணையிட்டது உங்களில் மூத்தவர்களுக்கு நினைவிருக்கலாம். எத்தனை வீடுகளில் வேலை போயிற்று! அதன்பின் பட்டறைகள் திறந்தது சவ்வுகள் வழியாக நீரை அழுத்திப் பிரித்து, மிஞ்சியதைக் கொதிக்கவைத்து உப்பை எடுக்கும் நிலையங்களை நம்பித்தான். அழகில்லாத, மின்சாரம் தின்னும் முறை. ஆனால் உப்பை அது பிடிக்கிறது. புலனாகும் ஒளியை நன்கு விழுங்கும் காட்மியம் சல்பைடுப் புள்ளிகளை ஆற்றில் கொட்டலாமே என்பீர்கள். காட்மியம் நஞ்சு, சாயத்தை எடுத்துவிட்டு நஞ்சைப் போட முடியாது.

என் மாணவர் கதையை முடித்துவிடுகிறேன். அந்தச் சரக்கில் கழுத்துப் பட்டைகளைப் பிரித்து வேறு ரிப் வைத்துத் தைத்தார்கள். இரண்டு மாதம் அவர் சம்பளத்தில் பிடித்தார்கள். அது நியாயமென்று எனக்குத் தோன்றவில்லை. இப்போது துணி வெட்டும் மேசைக்கே ஒரு புறஊதா விளக்கை வைத்துவிட்டாராம். ஒவ்வொரு ரோலிலும் ஒரு முனையை அதன் கீழ் காட்டிவிட்டுத்தான் கத்தரி போடுகிறார்களாம்.

நீங்களும் அதேபோன்ற நோட்டுப் பார்க்கும் விளக்கு ஒன்றைக் கேட்டு வாங்கி இரண்டு சோதனைகள் செய்து பாருங்கள். விளக்கைக் கண்ணுக்கு நேரே காட்டக் கூடாது. ஸ்பிரிட் பயன்படுத்தும்போது அருகில் அடுப்போ தீயோ இருக்கக் கூடாது. ஆசிரியரோ வீட்டில் பெரியவரோ உடனிருக்க வேண்டும்.

முதலாவது: ஒரு கைப்பிடி முருங்கைக் கீரையையோ அகத்திக் கீரையையோ கசக்கி, சர்ஜிக்கல் ஸ்பிரிட்டில் ஊறவைத்து வடிகட்டுங்கள். பச்சை நீர் கிடைக்கும். இருட்டில் விளக்கைக் காட்டினால் அது இரத்தச் சிவப்பாக ஒளிரும். அதே செடியின் முழு இலையில் காட்டுங்கள். உங்கள் கண்ணுக்கு அந்தச் சிவப்பு தெரியாது. அதே பச்சையம், அதே விளக்கு. இலைக்குள் ஆற்றல் வேறு எங்கோ போய்க்கொண்டிருந்தது; ஸ்பிரிட் மூலக்கூறுகளைக் கலைத்துப்போட்டதும் போக இடமின்றி ஒளியாக வருகிறது.

இரண்டாவது: புதிய வெள்ளைப் பனியன் துணித் துண்டை விளக்கில் பாருங்கள், நீலம். மஞ்சள் தூளை ஸ்பிரிட்டில் கரைத்து ஒரு சொட்டு அதன்மேல் விட்டுக் காயவிடுங்கள். அந்த இடத்தில் நீலம் அணைந்து, பச்சை கலந்த மஞ்சளாக ஒளிரும். வெண்மையூட்டி வெளிவிடும் நீலமும் மஞ்சளில் உள்ள குர்க்குமின் விழுங்கும் ஒளியும் ஒன்றன்மேல் ஒன்று படிகின்றன. ஆகவே இது ஃபர்ஸ்டரின் கைமாற்றம் என்று சொல்லத் தோன்றும். பொறுங்கள். வெண்மையூட்டி உண்மையிலேயே நீல ஃபோட்டானை வெளிவிட்டு, குர்க்குமின் அதை வழியில் விழுங்கியிருக்கலாம். அல்லது புறஊதாவையே குர்க்குமின் நேரடியாக விழுங்கியிருக்கலாம். இந்த மூன்றில் எது, எவ்வளவு? மஞ்சள் கரைசலைப் பத்து மடங்கு, நூறு மடங்கு நீர்த்து ஒவ்வொரு சொட்டையும் தனித்தனியே விட்டுப் பார்க்கலாம். வெண்மையூட்டி இல்லாத கோரா துணியிலும் அதே சொட்டுகளை விட்டு ஒப்பிடலாம். கண்ணாடித் தகடு ஒன்றில் மஞ்சளைப் பூசித் துணிக்குமேல் தொடாமல் பிடித்துப் பார்க்கலாம். அந்த இடைவெளியில் ஃபர்ஸ்டரின் வழி அடைபட்டுவிடும் அல்லவா? நீங்கள் கண்டதையும், எதனால் அப்படி முடிவு செய்தீர்கள் என்பதையும் எழுதி அனுப்புங்கள்.